உறைகருவும் அயல்நாட்டு வாடகைத் தாயும்



பிள்ளையில்லாத தம்பதிகளின் துயரத்தை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வேளாங்கண்ணியில் வேண்டுதலுக்காகக் கட்டப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு தொட்டில்களைப் பார்த்தவர்கள் அதை அறிவார்கள். ஆகையால் இந்த வாரம் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, அந்தத் துயரத்தைச் சாமியார் அற்பமாக எண்ணிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒரு கணவனும் மனைவியும் சில வருஷங்களுக்கு முன் சோதனைக் குழாய் முறையில் கருக்களை உண்டாக்கி, அவற்றை ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருக்கிறார்கள். பிற்பாடு மனைவிக்கு நோய் கண்டு கருப்பையை எடுக்க நேரிடுகிறது. அல்லது, கர்ப்பம் தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். அப்போது ஒரு தரகர் வந்து, "கருக்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவோம், அங்கே ஒரு பெண் சுமந்து பெற்றுத் தருவாள், எல்லாம் அந்த நாட்டுச் சட்டப்படியே நடக்கும்" என்கிறார். தம்பதிகள் யோசிக்கிறார்கள். யோசித்துவிட்டு இப்படிக் கேட்கிறார்கள்: "சுவாமி, கருக்களை இவ்விதம் உண்டாக்கியது தப்பு என்றால், அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டோம். ஆனால் அவை உண்டாகிவிட்டன. அவை உயிர் என்று திருச்சபையே சொல்கிறது. உயிராக இருந்தால் அவற்றைச் சாக விடலாமா? ஒரு பெண் சுமக்க இசைந்தால், அது இரக்கச் செயல் அல்லவா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் வீம்புக்குக் கேட்பவர்கள் அல்ல. திருச்சபையின் போதகத்தை அறிந்தவர்களுக்கே இப்படிக் கேட்கத் தோன்றும். ஆகவே "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

முதலில் நடப்பு என்னவென்று தெரிந்துகொள்வோம். உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் குழந்தை 1978-ம் வருஷம் ஜூலை மாதம் இங்கிலாந்தில் பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவிலும் ஒன்று பிறந்தது. உறைய வைக்கப்பட்டிருந்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்தது. திரவ நைட்ரஜன் நிரப்பிய கலத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில், கருவின் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. ஐந்து நாள் கரு குண்டூசித் தலையைவிடச் சிறியது. ஆனால் ஆணோ பெண்ணோ என்பது உள்பட, சரீர அமைப்பின் அடிப்படைகள் யாவும் அதில் வகுக்கப்பட்டாயிற்று. நீங்களும் நானும் அந்த அளவில் இருந்தவர்களே.

நமது நாட்டில் 2021-ம் வருஷம் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பணத்துக்குப் பிள்ளை சுமப்பதை அவை விலக்கிவிட்டன. மனமுவந்து இசையும் பெண் கைம்மாறு பெறாமல் சுமப்பதை மாத்திரமே, பல நிபந்தனைகளோடு, அனுமதிக்கின்றன. பிள்ளையை நாடும் தம்பதிகளுக்கு வயது வரம்பும் வைத்தார்கள். சட்டம் வருமுன்பே கருக்களை உறைய வைத்துவிட்டவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறைகருவைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் சட்டம். அதன்பின் அதை அழிய விட வேண்டும், அல்லது தம்பதிகளின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். சொந்தக் கருவைச் சொந்த உபயோகத்துக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு தேசிய வாரியத்தின் அனுமதி தேவை. பத்து வருஷம் முடியப்போகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரும்போது ஒரு தாயின் வயிறு எப்படிக் கலங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கலக்கத்தின்மேல்தான் தரகர்களின் வியாபாரம் நடக்கிறது.

ஒரு காலத்தில் இந்த வியாபாரத்துக்கு நாமே சந்தையாக இருந்தோம் என்பதை மறக்கலாகாது. 2015 நவம்பரில் மத்திய சர்க்கார் தடுக்கும் வரையில், அயல்நாட்டார் இந்தியாவுக்கு வந்து ஏழைப் பெண்களின் வயிற்றை அமர்த்திக்கொண்டார்கள். குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற ஊர் இதற்கு உலகமெங்கும் பேர் போயிற்று. 2008-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பானியத் தம்பதி ஒன்றுக்காக அவ்வூர்ப் பெண் ஒருத்தி கர்ப்பம் சுமந்தாள். பிள்ளை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்தத் தம்பதிகள் விவாகரத்துப் பெற்றுப் பிரிந்துவிட்டார்கள். ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையை நாடிய மனைவி, இனி வேண்டாம் என்றாள். கருமுட்டை கொடுத்தவள் யாரென்று தெரியாது. சுமந்தவளுக்கோ ஒப்பந்தப்படி கடமை முடிந்தது. இப்படியாக, மூன்று பேரைத் தாய் என்று சொல்ல இடமிருந்தும், தாய் என்று எழுத ஒருத்தி இல்லாத பிள்ளையாயிற்று அது. தகப்பன் அழைத்துப்போக விரும்பினான், சட்டம் வழிவிடவில்லை. ஜப்பானிலிருந்து பாட்டி வந்து குழந்தையோடு தங்கினாள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரையில் போய், நவம்பரில்தான் அந்தக் குழந்தை ஊர் சேர்ந்தது. அதே வருஷம் ஜனவரியில் ஒரு ஜெர்மானியருக்காக அதே ஊரில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு எந்த நாடும் குடியுரிமை கொடாதபடியால், அவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் இங்கேயே அகப்பட்டிருந்தார்கள்.

இவையெல்லாம் பழங்கதை, இப்போது ஒப்பந்தங்களை ஒழுங்காக எழுதுகிறார்கள் என்று தரகர் சொல்வார். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூகம்பம் வந்தது. அங்கே இஸ்ரேல் நாட்டாருக்காகப் பெற்றெடுக்கப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட சிசுக்களை விமானத்தில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். நேபாளத்தில் அப்படிப் பிள்ளை சுமந்த பெண்களில் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். 2020-ல் கொள்ளை நோயினால் எல்லைகள் மூடப்பட்டபோது, உக்ரேனின் கீவ் நகரத்து ஓட்டல் ஒன்றில், தொட்டில்கள் வரிசை வரிசையாக, 46 சிசுக்கள் பெற்றோர் வந்து பெற்றுக்கொள்ளும்படி காத்துக்கிடந்த காட்சியை உலகமே பார்த்தது. இந்தத் தகப்பன் தாய்மாரைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் அநேகர் பிள்ளைக்காக அழுதவர்கள்தான். ஆனால் பெற்றவள் அருகில் இல்லாமலும், பெற்றுக்கொள்கிறவர் வந்து சேராமலும், சிசு ஓட்டல் அறையில் கிடக்கும்படியான ஓர் ஏற்பாட்டைப் பூகம்பமும் நோயும் உண்டாக்கவில்லை. மூடியிருந்ததைத் திறந்து காட்டின, அவ்வளவுதான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். "அவை உயிர் அல்லவா?" உயிர்தான். அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் இப்படிக் கேட்கும் தம்பதிகளிடம் நான் திரும்ப ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் பேரில் எத்தனை கருக்கள் இருக்கின்றன? ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கும் தொட்டில் கட்டப்போகிறீர்களா?

இதை நான் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. இரக்கத்தினாலே செய்கிறோம் என்றால் அந்த இரக்கம் ஆறு பேருக்கும் சேர வேண்டும். நடப்பது என்ன? கருக்களுக்குத் தரம் போடுகிறார்கள். நல்ல தரம் என்று கண்டதை உருக்கி, சுமப்பவளின் கருப்பையில் வைக்கிறார்கள். உருக்கும்போதே சில இறந்துவிடுகின்றன. ஒன்று பிடித்துக்கொண்டு பிள்ளை பிறந்துவிட்டால், தம்பதிகள் சந்தோஷமாக வீடு திரும்புகிறார்கள். மீந்தவை அந்நிய நாட்டுக் கலத்தில், முன் இருந்த அதே குளிரில், முன்னைவிட அதிக அநாதையாகக் கிடக்கின்றன. காப்பாற்றுவதற்காக அனுப்புகிறோம் என்று தொடங்கிய காரியம், பொறுக்கி எடுப்பதில் முடிகிறது. பிள்ளை வேண்டும் என்ற ஆசை குற்றமல்ல. ஆனால் ஆசைக்கு இரக்கம் என்று பெயரிட்டால், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

ஒருவேளை, "ஆறு பேரையும் வரவழைப்போம், நாங்கள் ஆயத்தம்" என்று யாராவது சொல்லலாம். அப்படிச் சொல்லத்தக்க பெரிய மனது உள்ளவர்களும் உண்டு. அப்போது அடுத்த கேள்வி எழும்புகிறது: யாருடைய சரீரத்தில்?

வேதாகமத்தில் சாராள் தன் அடிமைப் பெண்ணாகிய ஆகாரைத் தன் கணவனுக்குக் கொடுத்து, அவள் மூலமாய்ப் பிள்ளையடைய முயன்றதை நாம் படிக்கிறோம். அன்றைக்கு அது வழக்கம். ஊரார் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகாரின் சம்மதத்தை யாரும் கேட்டதாக எழுதியில்லை. கர்ப்பமான பிறகு வீட்டிலே பொறாமையும் கடுஞ்சொல்லும் உண்டாகி, அவள் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே நீரூற்றண்டையில் சர்வேசுரனுடைய தூதர் அவளைக் கண்டு, பெயர் சொல்லி அழைக்கிறார். அந்த அத்தியாயத்தில் சாராளும் அபிரகாமும் அவளைப் பெயர் சொல்லிப் பேசுவதாக ஓரிடத்திலும் இல்லை. அடிமைப் பெண் என்றே சொல்கிறார்கள். இதை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள்: ஆதியாகமம், 16-ம் அத்தியாயம். இன்றைய ஒப்பந்தங்களிலும் அவளுக்குச் "சுமப்பவள்" என்றுதான் பேர்.

"அவள் சம்மதித்துத்தானே வருகிறாள், பணமும் கிடைக்கிறது, அவள் பிள்ளைகள் படிக்கும்" என்பார்கள். வறுமையால் வரும் சம்மதத்தின் எடை எவ்வளவு என்று நம்மில் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர்களைக் கேளுங்கள். பணக்கார நாட்டுப் பெண், ஏழை நாட்டுத் தம்பதிகளுக்காகச் சுமந்தாள் என்று நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? கருப்பை வாடகைக்கு விடும் பாத்திரமல்ல. தன் சொந்த முட்டையில் உண்டாகாத கருவைச் சுமப்பவளுக்கு இரத்த அழுத்தம் முதலான ஆபத்துக்கள் அதிகம் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். பிள்ளையின் உயிரணுக்களில் சில சுமந்தவளின் இரத்தத்தில் கலந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் பத்து மாதத்தில் முடிகிறது. அவள் சரீரத்துக்கு முடிவதில்லை. கணவனும் மனைவியும் விவாகத்தில் ஒருவருக்கொருவர் தங்களைக் கையளித்ததன் கனியாகப் பிள்ளை வர வேண்டியிருக்க, மூன்றாவதாக ஒருத்தியைக் கருவியாக நடுவில் வைப்பது அவளுக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம். சொந்தச் சகோதரி காசு வாங்காமல் சுமந்தாலும் இந்த அநியாயத்தில் காசு மட்டும்தான் குறைகிறது.

இதையே திருச்சபை தொடர்ந்து போதித்து வந்திருக்கிறது. சோதனைக் குழாய் முறை வருவதற்கு வெகு முன்பே, 1949-ல், பன்னிரண்டாம் பத்திநாதர் கத்தோலிக்க வைத்தியர்களிடம் பேசுகையில், விவாக ஐக்கியத்துக்குப் பதிலாகச் செயற்கையாகக் கருத்தரிக்கச் செய்வதை விலக்கினார். 1987-ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வாடகைத் தாய் முறையைப் பேர் குறித்தே கண்டித்தது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2024 ஜனவரி 8-ல் நாடுகளின் தூதர்கள் முன்பாக, இதை உலகமெங்கும் தடை செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அதே வருஷம் அக்டோபரில் இத்தாலி தேசம், தன் குடிமக்கள் வெளிநாடு போய்ச் செய்தாலும் குற்றம் என்று சட்டம் இயற்றியது. நாடு கடந்தால் நியாயம் மாறிவிடாது என்பதை ஒரு பார்லிமெண்டாவது ஒப்புக்கொண்டதே என்று எனக்கு ஒரு திருப்தி.

இங்கே ஒரு சிறு ஆட்சேபத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனெனில் அதைப் படித்தவர்களே சொல்கிறார்கள்: "தேவமாதாவும் ஒருவகையில் வாடகைத் தாய்தானே?" இது வெறும் வார்த்தை விளையாட்டு. மாதா யாருக்கும் சுமந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவள் சேசுநாதரின் மெய்யான தாய். மாட்டுக் கொட்டிலிலும் கூட இருந்தாள், சிலுவையடியிலும் நின்றாள்.

"அப்படியானால் எங்கள் கருக்களை நாங்கள் என்னதான் செய்வது?" இதுவே கடினமான இடம். மனைவியின் உடல்நலம் இடங்கொடுக்குமானால், ஏற்கெனவே உண்டாகிவிட்ட தன் பிள்ளைகளை அவள் தன் வயிற்றிலேயே ஏற்பது வேறு காரியம். முன் செய்தது தப்பாயினும், தாய் தன் பிள்ளைக்கு இடம் கொடுப்பதை நியாயமென்றே வேதசாஸ்திரிகள் பலர் கூறுகின்றனர். அதற்கு வழியில்லாதபோது? 1996-ல் இரண்டாம் அருள் சின்னப்பர், உறைகருக்களை உண்டாக்குவதை நிறுத்தும்படி உலகத்தின் மனச்சாட்சியை நோக்கி முறையிட்டபோது, அவற்றின் கதிக்கு நியாயமான வழி ஒன்றும் தென்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2008-ல் ரோமாபுரியிலிருந்து வந்த போதகமும், சீர்படுத்த முடியாத ஓர் அநீதி என்றே இதைக் குறித்தது. பிறர் கருவைப் பெண்கள் தத்தெடுத்துச் சுமக்கலாமே என்ற யோசனையின் நல்லெண்ணத்தை அது மெச்சினாலும், வழியாக ஏற்கவில்லை.

திருச்சபையிடம் எல்லாவற்றுக்கும் மருந்து இருக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம். சில தப்புக்கள், செய்தபின் எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகாதவை. அப்படிப்பட்ட இடத்தில், இன்னொருத்தியின் சரீரத்தைக் கொண்டு நேராக்க முயல்வது, கணக்கிலுள்ள பிழையை அழிப்பதற்காக அடுத்த வீட்டுக்காரன் ஏட்டைக் கிழிப்பது போலாகும்.

செய்யக்கூடாதவை தெளிவாக இருக்கின்றன. புதிதாகக் கருக்களை உண்டாக்க வேண்டாம். இருப்பவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். எதற்கும் உதவாமல் போவதைவிட வைத்தியத்துக்கு உதவட்டுமே என்பார்கள், ஆனால் பிள்ளைகள் உதவிப் பொருள்கள் அல்ல. தவணை முடிந்து, தாங்கும் வழி யாவும் அற்றுப்போன பின், குளிர்க் கலத்தில் வைத்திருப்பதை நிறுத்த விடலாமா என்பதில் வேதசாஸ்திரிகள் ஒருமனப்படவில்லை; கூடும் என்பாரும் உண்டு, கூடாது என்பாரும் உண்டு. அப்படி ஒரு முடிவு வருமானால், அது கழிவை அகற்றும் காரியமாக இராமல், பிள்ளையைச் சர்வேசுரனுடைய கையில் ஒப்படைக்கும் துக்கமாக இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டால், ஏன் எதற்கு என்று நான் பலிபீடத்தில் அறிவிக்க மாட்டேன்.

தத்து எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு 1890-ம் வருஷத்துச் சட்டப்படி கார்டியன் உரிமை மாத்திரமே கிடைத்தது. வளர்த்த பிள்ளை சட்டத்தில் பிள்ளையாகாது. இப்போது அந்நிலை இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின்படி எந்த மதத்தாரும் முழு உரிமையோடு தத்து எடுக்கலாம். காத்திருக்க வருஷங்கள் ஆகும் என்பது உண்மை. தத்துப் பிள்ளை, வராத பிள்ளைக்கு மாற்று மருந்து என்று நான் சொல்லமாட்டேன். அது தனக்கென்று ஒரு பிள்ளை. அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் சேசுநாதரை வளர்த்தது இரண்டாந்தரமான தகப்பன்மை என்று யார் சொல்வார்?

தம்பதிகள் அல்லாத மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வளைகாப்புக்குப் போன இடத்தில் ஒருத்தியை ஒதுங்கி நிற்கச் சொல்வதும், "இன்னும் ஒன்றும் விசேஷமில்லையா?" என்று பூசை முடிந்து கோவில் வாசலிலேயே கேட்பதும், மலடி என்ற வார்த்தையும் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. மாமியாரின் முகத்துக்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் படியேறிய பெண்கள் உண்டு. அயல்நாட்டுத் தரகரிடம் ஒரு குடும்பம் போவதற்கு வழி போட்டவர்களில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பங்குண்டு.

இன்னொன்று. இப்படி அயல்நாட்டிலே பெற்று வாங்கப்பட்ட பிள்ளை ஒன்று நாளைக்கு நம் பங்கில் ஞானஸ்நானத்துக்கு வருமானால், எந்தப் பிள்ளையையும் போலவே அதுவும் ஞானஸ்நானத் தொட்டியண்டை வரவேற்கப்படும். எவ்வழியில் வந்தாலும் அதன் ஆத்துமத்தைச் சிருஷ்டித்தவர் சர்வேசுரன். பிள்ளை பிறந்த விதத்தைப் பற்றிப் பாட்டுக் குழுவிலோ, மாதா சபையிலோ யாராவது குசுகுசுத்தார்கள் என்று கேள்விப்பட்டால், அதை நான் சும்மா விடப்போவதில்லை.

கடைசியாக, பத்து வருஷத் தவணைக் கடிதம் யாருக்காவது வந்திருந்தால், அல்லது வெளிநாட்டு ஒப்பந்தம் மேஜைமேல் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் முடிந்தபின் சாமியார் பங்களாவில் இருப்பேன். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள், கடிதத்தையும் கையோடு கொண்டுவாருங்கள்.

உங்கள் பங்குக் குரு